கங்காணிக் கோட்டு

…இல்லை, கழுத்துப் பொத்தானையும் போட்டுவிட வேண்டியதுதான், அதைத் திறந்துவிட்டால் யாரோ குளிருக்கு இரங்கிக் கொடுத்த கோட்டு என்றுதான் நினைப்பார்கள், இது குளிருக்குப் போட்டது இல்லை, குளிருக்குக் கம்பளி இருக்கிறது, இத்தனை வருஷம் தலையில் போட்டுக்கொண்டு மலைக்குப் போன கம்பளி அதோ ஆணியில் தொங்குகிறது… பொத்தான் ஓட்டை புதிது, விரலுக்கு அடங்க மாட்டேன் என்கிறது, கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறையேறி வெடித்த விரல், கண்ணை மூடிக்கொண்டு இரண்டு இலையும் ஒரு மொட்டும் ஒடிக்கத் தெரிந்த விரலுக்கு ஒரு பொத்தானைத் தள்ளத் தெரியவில்லையே. இராக்கம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு தாடையை மேலே தூக்கினாள். போய்விட்டது. கழுத்தை இறுக்கியது. இறுக்கட்டும். லயத்துக் காம்பராவில், இந்த ஒற்றை அறையில், நிலைக்கண்ணாடி ஏது, சுவரில் இருக்கிற கையகலக் கண்ணாடியில் முகம் தெரிந்தால் கோட்டுத் தெரியவில்லை, கோட்டுத் தெரிந்தால் முகம் தெரியவில்லை, இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் போகிறவர்கள் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் நிற்கும் அத்தனை பேரும்தான். சேலைக்கு மேலே முழங்கால் வரைக்கும் கறுப்புக் கோட்டு, மணிக்கட்டைத் தாண்டி இறங்கும் நீளக் கை, தலையில் வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டிய தலைப்பா. இந்தத் தோட்டத்தில் ஒரு பெண் இப்படி நின்றதில்லை. ஆண்களே இப்போது இப்படி நிற்பதில்லை, மாடசாமி கங்காணியைப் பார், காக்கி அரைக்களிசானும் கிழிந்த ஸ்வெட்டரும், அவர்தான் கங்காணி என்று யாராவது சொன்னால்தான் தெரியும். ஆனாலும் அவர் சொன்னால் கேட்கிறார்களே. அவருக்கு வேண்டாம், எனக்கு வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

மூன்று மாதம் முன்புவரை அவளும் கூடைக்காரிதான். தோட்டம் வெள்ளைக்காரக் கம்பெனியிடமிருந்து அரசாங்கத்துக்குப் போனது, சிங்களத் துரை ஒருவர் புதிதாக வந்தார், பெண்கள் பறிக்கிற மலைக்கு ஒரு பெண்ணே கங்காணியாக நின்றால் என்ன என்று கேட்டார், யார் சுத்தமாகப் பறிப்பவள், யார் சண்டை சச்சரவுக்குப் போகாதவள் என்று விசாரித்து, கடைசியில் இராக்கம்மா என்று முடிந்தது. சண்டைக்குப் போகாதவள்! அதற்காகத்தான் கொடுத்தார்களா, அதனால்தான் கங்காணிகளுக்கு மேலே நிற்கும் கணக்கப்பிள்ளையும் சரி என்று தலையாட்டினாரா… பறிப்பவர்களை நிரை பிடித்து நிறுத்துவது, காம்பும் முற்றலும் கூடைக்குள் விழாமல் பார்ப்பது, நேரத்துக்கு நிறுவைக்குக் கூட்டிப்போவது, வேலை அவ்வளவுதான். முதல் நாள் கூடை இல்லாமல் மலையேறியபோது கழுத்து தானாகப் பின்னுக்குப் போனது, கூடைக் கயிறு இழுக்காத தலையை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வாயை எப்படி வைத்துக்கொள்வது என்று அதைவிடத் தெரியவில்லை. "அக்கா, நீ கொஞ்சம் அந்தப் பக்கம் பாரு, நாங்க வெத்தல போட்டுக்கிறோம்" என்பார்கள், அவளும் அந்தப் பக்கம் பார்ப்பாள், திரும்பினால் அவள் பங்குக்கு ஒரு வெற்றிலை மடித்து நீட்டுவார்கள், அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, காம்பு சேர்க்காதீங்கடி என்று சொன்னால் என்ன மரியாதை இருக்கும்? அதுகூடப் பரவாயில்லை. அவர்கள் சிரிப்பில் விஷம் இல்லை. கணக்கப்பிள்ளை சிரித்ததுதான்…

புருஷன் வீரய்யா இருந்திருந்தால் இந்தக் கோலத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருப்பான், மாவு கிடைக்காத அந்தப் பஞ்ச வருஷத்தில் காய்ச்சலில் போன மனுஷன், போகும்போதுகூட எதையோ சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். சரி, அதை இப்போது நினைக்கக் கூடாது. கருப்பம்மாவை நினைக்க வேண்டும். மேட்டு லயத்துப் பெண், தலைப்பிள்ளைக்காரி, பிள்ளைக்கு இன்னும் தலை நிற்கவில்லை, காலையில் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் கொடுத்துவிட்டு மலைக்கு வருகிறாள். பிள்ளைக்காரிகள் வெயில் ஏறும் நேரத்தில் இறங்கிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவது இப்போது எல்லாத் தோட்டத்திலும் உள்ள வழக்கம்தான். ஆனால் பறிக்கிற இடம் மலையுச்சிக்கு மாறியிருக்கிறது, போய்த் திரும்ப நேரமாகிறது, ஆகவே இந்த மலை முடியும்வரை யாரும் இறங்கக் கூடாது, இறங்கினால் அரைப்பேர் என்று கணக்கப்பிள்ளை பெரட்டில் சொல்லிவிட்டார். அரைப்பேர் என்றால் நாள் முழுக்க நின்று பறித்தவளுக்குப் பாதி நாள் வேலை என்று விழும். "அக்கா, நீ ஒரு வார்த்த கேட்டுப் பாரேன், நீதானே கங்காணி" என்றாள் கருப்பம்மா. கேட்டாள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஐயா ஐயா என்று கேட்டாள். கணக்கப்பிள்ளை நிறுவைக்காரனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "கூடையக் கழட்டிட்டா கங்காணியாயிருவியாடி? போ, போயி நிரையப் பாரு" என்றார். அவள் போனாள். போய் நிரையைப் பார்த்தாள். அதுதான், அதைத்தான் விழுங்க முடியவில்லை, அவர் சொன்னதைக்கூட விழுங்கலாம், தான் திரும்பி நடந்ததை? அன்று சாயங்காலம் கருப்பம்மாவுக்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகியிருந்தது, பிள்ளையை வாங்கப் போனால், அழுது அழுது சீனித்தண்ணி குடித்துவிட்டுத் தூங்கிப்போச்சு என்றாள் ஆயா. கருப்பம்மா இவளைப் பார்த்து, "பரவால்லக்கா, நீ கேட்டியே, அது போதும்" என்றாள். அது போதுமாம். அவள் திட்டியிருந்தால் இராக்கம்மா நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் லுணுகலைக் கடைத்தெருவுக்கு நடந்தது. என்ன வாங்கப் போகிறோம் என்று தெரியாமலேதான் போனாள், உப்பும் கருவாடும் என்று சொல்லிக்கொண்டாள், கால் ஸரூக் நானாவின் தையற்கடை வாசலில் நின்றது. உள்ளே சுவரில் ஒரு பழைய படம், சின்ன வயதிலிருந்து பார்க்கிற படம், நானாவின் வாப்பா தொப்பி போட்டுக்கொண்டு கடை முன்னால் நிற்கிறார், பக்கத்தில் யாரோ ஒரு தோட்டத்துப் பெரிய கங்காணி, கறுப்புக் கோட்டு, தலைப்பா, காதில் கடுக்கன், கையில் கம்பு. அந்தப் படத்தைக் காட்டி இது மாதிரி ஒன்று வேண்டும் என்றாள். "ஆருக்கு, ஒங்கட ஊட்டு ஆம்புளைக்கா?" என்றார் நானா. "எனக்குத்தாங்க." நானா மெஷினிலிருந்து காலை எடுத்தார். "இது எங்கட வாப்பாட காலத்துக் கோட்டு புள்ள, இப்ப கலியாண மாப்புளகூட போடுறல்ல." "அதுனாலதாங்க நானா." "பொம்புளைக்குன்டா இடுப்பக் கொஞ்சம் புடிச்சுத் தைக்கேலும், சாரிக்கு அழகா ஈக்கும்." "புடிக்க வேணாங்க. படத்துல இருக்கிறாப்புலயே இருக்கட்டும்." ஏன் என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? நானாவின் மனைவி உள்ளிருந்து வந்து அளவெடுத்தாள், "தோள் நல்ல அகலம் ஈக்கி, கோட்டு நல்லா நிக்கும்" என்றாள். கூடை சுமந்த தோள் அம்மா அது. நேற்றுப் போய் வாங்கி வந்தாள், கடதாசியில் சுற்றி, கக்கத்தில் இடுக்கி, மழையில் நனையாமல், திருடிக்கொண்டு வருகிறவள் மாதிரி.

படத்தில் இருப்பவர் யாரோ. ஆனால் அவளுக்குத் தெரிந்த கோட்டு ஒன்று உண்டு, சேவுகன் பெரிய கங்காணியின் கோட்டு, அவர் செத்து எவ்வளவு காலமாயிற்று, அவர் மலைக்கு வந்துபோன நாளில் இராக்கம்மாவுக்கு ஏழோ எட்டோ, தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு மலைக்குப் போவாள், அம்மா பெரியாயிக்குக் கீழே இறங்க அனுமதி கிடையாது, அதனால் தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓட வெட்டியிருக்கும் கானுக்குள் அம்மா இறங்கி உட்கார்ந்துகொள்வாள், இவள் பிள்ளையைக் கொடுத்துவிட்டு யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். நின்றாள், பார்த்தாள், ஆனால் அவர் மேலேயிருந்து வந்தார். மேலே பார்க்க வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை? சின்னப் பிள்ளைதானே. முதலில் கறுப்புக் கை தெரிந்தது, பிறகு அம்மாவின் முதுகில் சத்தம், தம்பி பாலை விடாமல் குடித்துக்கொண்டே இருந்தான், அடி விழ விழக் குடித்துக்கொண்டே இருந்தான்… அந்தக் கோட்டைத்தான் தைத்துக்கொண்டு வந்திருக்கிறாய் இராக்கு, உனக்குப் புத்தி பிசகிவிட்டதா? இல்லை. பிசகவில்லை. கணக்கப்பிள்ளையும் இந்தத் தோட்டத்தில் பிறந்தவர்தான், அவருடைய அப்பனும் அந்தக் கோட்டுக்கு முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றவர்தான், இங்கே இருக்கிற ஒவ்வொரு முதுகுக்கும் அந்தக் கோட்டைத் தெரியும். தெரிந்த பாஷையில் பேசினால்தானே விளங்கும்.

அம்மாவுக்குத்தான் எப்படிக் காட்டுவது என்று பயந்தாள். நேற்றுக் கடதாசியைப் பிரித்து வைத்துவிட்டுத் தண்ணீருக்குப் பீலிக்குப் போய் வருவதற்குள் அம்மா பார்த்துவிட்டாள். கிழவி அழுவாள், இல்லாவிட்டால் அதை அடுப்பில் போடுவாள் என்று நினைத்துக்கொண்டு குடத்தை இறக்கினால், அம்மா பித்தளைச் செம்பில் நெருப்புக் கங்கை அள்ளிப் போட்டு, ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு, கோட்டைத் தரையில் விரித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சுருக்கம் விடாமல். காலர், முதுகு, பை. கைக்கு வந்தபோது நிறுத்தி, விரலால் நீளத்தை அளந்து பார்த்தாள். "கையி நீளமா வச்சிருக்கான். அவனுக்கும் இப்பிடித்தான். வெரல் வெளிய தெரியாது, கம்பு மட்டுந்தான் தெரியும்." பிறகு, "கம்பு வாங்கலையா?" என்றாள். "கம்பு வேணாம்மா" என்றாள் இராக்கம்மா. அம்மா மற்றக் கையையும் தேய்த்தாள். ஏன் தேய்த்தாள்? கோபத்திலா, என் மகளுக்கு இப்படி ஒன்று வந்ததே என்ற பெருமையிலா, அல்லது அந்தக் கோட்டைக் கண்டால் ஏதாவது ஊழியம் செய்துதான் ஆக வேண்டும் என்று அவளுடைய கைக்குப் பழகிப்போயிருந்ததா… கேட்கவில்லை. இப்போது கேட்க நேரமும் இல்லை, பெரட்டு மணி அடித்துவிட்டது.

லயத்து வாசலில் முதலில் நாய் குரைத்தது. எதிர்க் காம்பராக்காரி பல் விளக்கிக்கொண்டிருந்தவள், கரித்தூள் வாயோடு அப்படியே நின்றாள். நட, இராக்கு. வேகமாக நடக்காதே, ஓடுகிறவள் மாதிரி இருக்கும், மெதுவாகவும் நடக்காதே, கூச்சப்படுகிறவள் மாதிரி இருக்கும். சேவுகன் கங்காணி எப்படி நடப்பார்? குதிகால் அழுந்த, கல்லில் டக் டக்கென்று. இவளுக்குச் செருப்பே இல்லை, வெறுங்காலில் சத்தம் வராது. பரவாயில்லை. பெரட்டுக் களத்தில் மூடுபனிக்குள் ஆட்கள் குந்தியிருந்தார்கள், பீடி நெருப்புப் புள்ளி புள்ளியாக, அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது, பிறகு மாடசாமி கங்காணியின் குரல், "யாருப்பா அது, சேவுகன் கங்காணி எந்திரிச்சு வந்துட்டாரா?" ஆண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. யாரோ சீழ்க்கை அடித்தான். காது சுட்டது, தலைப்பாவுக்குள் வேர்த்தது, கழற்றி எறிந்துவிட்டு ஓடிவிடலாமா, இதோ இரண்டு நிமிஷம், காம்பராவுக்குப் போய்க் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால் எல்லாம் பழையபடி… பழையபடி என்ன? திரும்பவும் நிரையைப் பார்க்கப் போவதா? அவள் மாடசாமிக்கு நேரே போய் நின்றாள். "ஆமாங்கண்ணே, எந்திரிச்சுத்தான் வந்திருக்கேன். ஒங்களுக்கு ஏதாச்சும் சொல்லணுமா?" என்றாள். மாடசாமி ஸ்வெட்டரைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, "ஒண்ணுமில்ல தாயி, சும்மா வெளையாட்டுக்கு" என்றார். கொஞ்சம் வயதான ஆண்கள் இரண்டு பேர், அவள் கடந்து போகும்போது, குந்தியிருந்த இடத்திலிருந்து எழுந்து நின்றார்கள். எழுந்தபிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் ஒருவர் வேட்டியை உதறினார், இன்னொருவர் இருமினார். கணக்கப்பிள்ளை ஆட்களைப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தவர், அவளை மேலும் கீழும் பார்த்தார், சிரிக்கத் தொடங்கினார், பாதியில் விட்டுவிட்டு, "உச்சி மலை" என்று மட்டும் சொன்னார். வாடி போடி என்ற அந்த 'டி' இல்லை. அந்த வார்த்தை இல்லாத இடத்தை அவள் காதில் வைத்துக்கொண்டே மலையேறினாள்.

பெண்கள் பின்னால் வந்தார்கள். மற்ற நாள் என்றால் முன்னும் பின்னுமாக இருப்பார்கள், ஒருத்தி தோளில் கை போடுவாள், ஒருத்தி மாமியார் கதை சொல்லுவாள், இன்று வரிசையாக வருகிறார்கள், பேச்சு இருக்கிறது, ஆனால் சின்னக் குரலில். புதுசு இல்லையா, பழகிவிடும். நிரை பிடித்தார்கள். பனி விலகிற்று, தூரத்தில் லுணுகலைப் பாதையில் காலை பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது, கொழுந்து நனைந்து பளபளத்தது. இன்று யாரும் வெற்றிலைக்கு நிற்கவில்லை. ஒரு கூடையை எட்டிப் பார்த்தாள், காம்பு இல்லை, இன்னொன்றைப் பார்த்தாள், முற்றல் இல்லை, இத்தனை நாள் தொண்டை காயக் கத்தியது இன்று சொல்லாமலே நடக்கிறதே, ஒரு துணிக்கு இவ்வளவா… சந்தோஷமாக இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய், நெஞ்சுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது போல. இனி கருப்பம்மா வந்து கேட்க வேண்டியதுதான். கேட்பாள், அக்கா பிள்ளைக்கு நேரமாச்சு என்பாள், போ என்று சொல்ல வேண்டும், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்ல வேண்டும், கணக்கப்பிள்ளை மேலே வரும்போது சொன்னால் இன்னும் நல்லது. வெயில் முகட்டைத் தாண்டி முதல் நிரையைத் தொட்டது. கருப்பம்மா வரவில்லை. இரண்டாவது நிரைக்கும் வெயில் வந்தது. பிள்ளைக்கு இன்னும் பசிக்கவில்லையோ? அதெப்படி, அது பசிக்கிற நேரம் தாய்க்குத் தெரியாதா. ஒருவேளை ஆயாவிடம் மாப்பால் கரைத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டாளோ, அதை வாங்க அவளிடம் என்ன இருக்கிறது… இராக்கம்மா நிரைக்குள் இறங்கி நடந்தாள்.

கருப்பம்மா குனிந்து பறித்துக்கொண்டிருந்தாள். நிழல் விழுந்ததும் இன்னும் குனிந்தாள். சட்டையின் முன்பக்கம் இரண்டு வட்டமாக நனைந்து, அது கீழே இறங்கி இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குவரை ஈரம், அவள் சாக்கை மேலே இழுத்து இழுத்து அதை மறைத்துக்கொண்டே பறித்தாள். "ஏன்டி, வந்து கேக்கலாமில்ல?" என்றாள் இராக்கம்மா. "இல்லைங்க… இன்னும் கொஞ்சம் பறிச்சுப்புட்டு…" "என்னாடி இல்லைங்க? நாந்தான்டி." "சரிங்க கங்காணி." அந்தச் சொல். நேற்றுவரை அக்கா. இந்தச் சொல்லுக்காகத்தானே, இதை யாராவது ஒருத்தர் சொல்ல மாட்டார்களா என்றுதானே, ஆனால் இவள் வாயிலிருந்து இல்லை, இவள் சொல்ல வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? "கூடையை வச்சிட்டுப் போ, புள்ளைக்குக் குடுத்துட்டு வா." கருப்பம்மா கீழே பார்த்தபடி நின்றாள். "அரைப்பேரு போட்டுருவாங்க… எம் மாமியா…" "போட விட மாட்டேன். போ." நின்றாள். கன்னத்தில் கண்ணீரா வேர்வையா தெரியவில்லை, போகவும் இல்லை, பறிக்கவும் இல்லை, கீழே பாதையில் கணக்கப்பிள்ளையின் தொப்பி வருவது தெரிகிறது, இவள் இப்படி நின்றுகொண்டிருந்தால் அவர் வந்துவிடுவார், வந்துவிட்டால் இன்றைக்கும் கதை முடிந்தது, "போன்னா போடி!" என்று கத்தி, இறங்கு பாதையைக் காட்டக் கையை வீசி உயர்த்தினாள் இராக்கம்மா. கருப்பம்மா சட்டென்று முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டு, தேயிலைச் செடிக்குள் பதுங்கினாள்.

கை மேலேயே நின்றது. கறுப்புக் கை, விரல் வெளியே தெரியவில்லை. பாதையைத்தானே காட்டினேன், அடி பாவி, பாதையைத்தானே… நிரை முழுக்கப் பறிக்கிற சத்தம் நின்றுவிட்டது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, அதுதான் பயங்கரமாக இருந்தது, ஒரு பெண்ணாவது நிமிர்ந்து, என்னாக்கா இது என்று கேட்டிருந்தால். கருப்பம்மாவுக்கு இருபது வயதுகூட இருக்காது, அவள் பிறப்பதற்கு முன்பே சேவுகன் கங்காணி மண்ணுக்குள் போய்விட்டார், அவளை யாரும் கம்பால் அடித்தது கிடையாது. பிறகு எங்கிருந்து வந்தது அந்த முழங்கை? இராக்கம்மா கையை இறக்கினாள். "எந்திரி கருப்பு. நான் ஒன்ன அடிப்பேனா? எந்திரிச்சுப் போ தாயி" என்றாள், இந்தத் தடவை சின்னக் குரலில். கருப்பம்மா எழுந்தாள், கூடையைக் கழற்றி வைத்தாள், நாலு எட்டு வைத்தாள், அதற்குள் கீழேயிருந்து, "ஏய்! எங்கடி எறங்குற?" என்று சத்தம் வந்துவிட்டது.

கணக்கப்பிள்ளை மூச்சு வாங்க ஏறி வந்தார். கருப்பம்மா பாதையில் உறைந்து நின்றாள். இப்போது யோசிக்கக் கூடாது, முழங்கையைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம், இராக்கம்மா இரண்டு நிரையைத் தாண்டிப் பாதைக்கு நடுவில் போய் நின்றாள், அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில், மேட்டுப் பக்கமாக, அவர் நிமிர்ந்து பார்க்க வேண்டிய இடத்தில். அவர் நிமிர்ந்து பார்த்தார். வாயில் ஏதோ வந்தது, அந்த 'டி'யாகத்தான் இருக்க வேண்டும், அது வெளியே வரவில்லை, கை தானாகத் தொப்பிக்குப் போய், தொப்பியைக் கொஞ்சம் தூக்கி, தூக்கியது தெரிந்ததும் தலையைச் சொறிவது போல் சொறிந்துகொண்டது. "யாரு… யாரு அனுப்புனது அவள?" "நாந்தாங்க அனுப்புனேன். பச்சப்புள்ளக்காரி. பால் குடுத்துட்டு வந்து பறிப்பா." "பெரட்டுல சொன்னேனே, கேக்கலையா?" "கேட்டுச்சுங்க. அவளுக்கு முழுப்பேர் விழணும்." "இதத் தொரைகிட்டச் சொல்ல வேண்டி வரும்." "சொல்லுங்க. நானும் கூட வாறேன். புள்ளையையும் தூக்கிக்கிட்டு வாறோம், அவரே பாக்கட்டும்." காற்று அடித்தது, கோட்டின் கீழ்ப்பக்கம் முழங்காலில் படபடத்தது. அவர் நிரையைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், எல்லோரும் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். "இன்னைக்கு மட்டும்" என்றார். "நாளைக்கும் போவாங்க" என்றாள் இராக்கம்மா. "இந்த மலை முடியிற வரைக்கும், எல்லாப் புள்ளக்காரியும் போவாங்க." அவர் திரும்பி, "சரி, சரி, கொழுந்த நேரத்துக்கு எறக்குங்க கங்காணி" என்றார். இறக்குங்க. கங்காணி. இரண்டும். கருப்பம்மா ஓடினாள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கல் கல்லாகத் தாவி, பிள்ளைக்காம்பராவின் தகரக் கூரையை நோக்கி ஓடினாள்.

ஜெயித்தாயிற்று. கத்த வேண்டும் போல் இருந்தது, யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது, பார்த்தீங்களாடி, பார்த்தீங்களா என்று… பெண்கள் பக்கம் திரும்பினாள். ஒருத்தி இலேசாகச் சிரித்தாள், உடனே குனிந்துகொண்டாள். சரி, போகட்டும், கோட்டைக் கழற்றப் போவதில்லை, அது மட்டும் நிச்சயம். நாளைக்கும் போட்டுக்கொண்டுதான் வருவேன், நாளை மறுநாளும், இந்தப் பிள்ளைகள் எல்லாம் பால் மறக்கிற வரைக்கும், கணக்கப்பிள்ளைக்கு முன்னால் சேலையை மட்டும் கட்டிக்கொண்டு போய் நிற்க எனக்குப் பைத்தியமா? கம்பு எடுக்க மாட்டேன். கத்த மாட்டேன். கையை வீச மாட்டேன், பாதையைக் காட்ட வேண்டுமென்றால் தாடையால் காட்டலாம். கையின் நீளத்தை நானாவிடம் சொல்லி வெட்டிக்கொள்ளலாம், மணிக்கட்டுவரை, விரல் தெரிகிற மாதிரி. தெரிந்தால் போதுமா? விரல் தெரிந்தால் பயம் போய்விடுமா, பயம் போய்விட்டால் கணக்கப்பிள்ளைக்கும் சேர்த்துப் போய்விடுமே, அவருக்கு மட்டும் இருக்கிற மாதிரி, இவளுக்கு இல்லாத மாதிரி ஒரு கோட்டு யாராவது தைப்பார்களா… வெயில் கோட்டுக்குள் இறங்கி முதுகெல்லாம் வேர்த்து ஒழுகியது. யாரும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்டால்தான் என்ன, அவளே போய்க் குடித்தாள்.

கருப்பம்மா திரும்பி வந்தாள். ஓடித்தான் வந்திருக்க வேண்டும், மூச்சு இரைத்தது, முகத்தில் இறுக்கம் போய்ப் பால் கொடுத்த தாய்க்குரிய அந்தச் சோர்ந்த தெளிவு வந்திருந்தது, பிள்ளை நன்றாகக் குடித்திருக்கிறது, கேட்க வேண்டியதே இல்லை. இராக்கம்மா பாதையோரம் நின்றாள், ஏதாவது சொல்லுவாள், ஒரு அக்கா போதும், வேறு ஒன்றும் வேண்டாம். கருப்பம்மா தலையைக் குனிந்துகொண்டு, அவளுக்கு வழி விட்டு, செடியை ஒட்டி நடந்து தன் நிரைக்குப் போனாள். கூடையை மாட்டினாள். பறிக்கத் தொடங்கினாள், இரண்டு கையாலும், கொழுந்தைப் பார்க்காமலே, மூச்சு விடாமல், பக்கத்து நிரைக்காரியைத் தாண்டி, அவளுக்கு அடுத்தவளையும் தாண்டி, யாரும் கேட்காத கடனைக் கட்டுகிறவள் போல் பறித்துக்கொண்டே முன்னால் போனாள். இவ்வளவு வேகம் வேண்டாமே, இப்போதுதானே பால் கொடுத்துவிட்டு மலையேறி வந்திருக்கிறாள், உடம்பு தாங்குமா, மெதுவாகப் பறிடி என்று சொல்ல இராக்கம்மா வாயைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள். மெதுவாக என்று சொன்னால், கொழுந்து நசுங்குகிறது, கவனமாகப் பறி என்றுதான் அந்தப் பெண்ணின் காதில் விழும். வேறு எப்படிச் சொல்வது, எந்தச் சொல்லால்… நிரை வளைவில் திரும்பியது, கருப்பம்மாவின் கூடை மட்டும் செடிகளுக்கு மேலே விலகிப் போய்க்கொண்டிருந்தது.